ஆரம்ப சுகாதாரக் குழுவுக்குத் தொலைமருத்துவம்: எதை முதலில் தொடங்குவது?

தொலைமருத்துவம் என்றதும் மனதில் வருவது ஒரு திரை, ஒரு கேமரா, அந்தப் பக்கம் ஒரு சிறப்பு மருத்துவர். ஒரு மருத்துவர், இரண்டு மூன்று செவிலியர், ஒரு மருந்தாளுநர், வீடு வீடாகப் போகும் ஒரு களப்பணியாளர் என்று இயங்கும் சிறு குழுவுக்கு, கையில் இருக்கும் பணத்தையும் நேரத்தையும் முதலில் அதில் போடுவது பெரும்பாலும் சரியான தொடக்கமாக இருப்பதில்லை. எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெறுவது, நோயாளி, மருத்துவர், சிறப்பு மருத்துவர் என மூவர் சேரும் காணொளி, வெறும் தொலைபேசி, வீட்டிலிருந்தே அளவுகளை அனுப்பும் கண்காணிப்பு, பல நிலையங்கள் கூடிப் பேசும் நோயாளி ஆய்வு, பெயர்ப்பட்டியல் வைத்து வாரம் ஒருமுறை செய்யும் மீளாய்வு என்று வழிகள் பல. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கும் குழு எதையும் ஒழுங்காக நடத்த முடியாது.

எதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் ஒரு கேள்விக்கு எழுத்தில் விடை இருக்க வேண்டும். பதிலோ அளவோ எச்சரிக்கையோ வந்து சேர்ந்த பிறகு, அதைப் பார்த்து நோயாளியைக் கூப்பிட்டு அடுத்ததைச் செய்யப் போவது யார்? அந்த ஆள் விடுப்பில் போனால் அந்த இடத்தில் யார்? கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறோம். கருவி பழுதானால் உடனே தெரிந்துவிடும். பொறுப்பு யாருடையது என்று தெரியாமல் போனால், நோயாளி மோசமாகும் வரை யாருக்கும் தெரியாது.

எழுத்தில் கேட்பது

தொடங்குவதற்கு எங்கள் தேர்வு இதுதான். ஆரம்ப நிலை மருத்துவர் கேள்வியையும் தேவையான படங்களையும் அறிக்கைகளையும் அனுப்புகிறார். சிறப்பு மருத்துவர் தனக்கு நேரம் கிடைக்கும்போது படித்துப் பதில் எழுதுகிறார். இருவரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டியதில்லை, இணையம் விட்டுவிட்டு வந்தாலும் பாதகமில்லை. கனடாவின் ஒட்டாவா பகுதியில் 2010இல் சோதனையாகத் தொடங்கிய ஈ-கன்சல்ட் சேவை இதே அமைப்புதான். அங்கே சிறப்பு மருத்துவர் 7 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று கெடு வைத்தார்கள். நேரில் அனுப்ப நினைத்திருந்த பலரை அனுப்பத் தேவையில்லாமல் போனது.

இந்த வழி தோற்பதற்கு முதல் காரணம் கேள்வி. 'சர்க்கரை நோயாளி, 58 வயது, கருத்துத் தேவை' என்று அனுப்பினால் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பத்தி பதிலாக வரும். அல்லது 'நேரில் அனுப்பவும்' என்று ஒரு வரி வரும். கேள்வி ஒரு முடிவைத் தொட வேண்டும்: 'மெட்ஃபார்மின் முழு அளவில் கொடுத்தும் மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 8.9. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 41. இரண்டாவது மருந்து எது, மெட்ஃபார்மினைக் குறைக்க வேண்டுமா?' இப்படிக் கேட்டால் அன்றே செயல்படக்கூடிய பதில் கிடைக்கும்.

படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நிலை, பின்னணி, நம் மதிப்பீடு, நாம் கேட்பது என்ற நான்கு பெட்டிகள் போதும். மருத்துவமனைகளில் பணிமாற்றத்தின்போது பயன்படும் எஸ்பார் முறையும் இதே வரிசைதான். பின்னணிப் பெட்டியில் இப்போதைய மருந்துகள் அளவோடு, ஒவ்வாமை, கர்ப்பமா என்பது, சிறுநீரகச் செயல்பாடு ஆகிய நான்கையும் கட்டாயமாக்குங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டாலே சிறப்பு மருத்துவர் திரும்பக் கேட்பார், இரண்டு நாள் போய்விடும். மருந்துப் பட்டியலை மருந்தாளுநர் நிரப்புவது நல்லது. சீட்டில் எழுதியதற்கும் நோயாளி உண்மையில் விழுங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத்தான் தெரியும். கூட்டுப் பராமரிப்பு என்று சொல்வது இதைத்தான்.

அடுத்து இணைப்புகள். பதில் பயன்படாமல் போவதில் பாதி இங்கேதான் நடக்கிறது.

தோல் பிரச்சினைக்கு மூன்று படங்கள் வேண்டும்: உடலில் எந்த இடம் என்று தெரியும் தூரப் படம், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த நெருக்கப் படம், மேடு பள்ளம் தெரியப் பக்கவாட்டில் ஒன்று. ஃபிளாஷ் வேண்டாம், தோல் பளபளத்து நிறம் மாறிவிடும். ஜன்னலோர வெளிச்சம் போதும், நேர் வெயில் கூடாது. கேமராவை மிக அருகில் கொண்டுபோனால் ஃபோகஸ் கிடைக்காது. சற்றுத் தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள், டிஜிட்டல் ஜூம் வேண்டாம். அனுப்பும் முன் படத்தைப் பெரிதாக்கி, அளவுகோலின் கோடுகள் கூர்மையாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். அவை மங்கினால் திரும்ப எடுங்கள்.

ஈசிஜியைத் தாளிலிருந்து படம் எடுப்பதானால் தாளைத் தட்டையாக வைத்து நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் கட்டங்கள் ஒரு பக்கம் குறுகி இடைவெளிகளை அளக்க முடியாது. விநாடிக்கு 25 மி.மீ., ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. என்ற குறிப்பும், நோயாளியின் அடையாளமும், எடுத்த நேரமும், அப்போது நெஞ்சுவலி இருந்ததா என்பதும் படத்திலோ படிவத்திலோ இருக்கட்டும். ஈசிஜியில் 'லீட் 1' என்று குறித்த வரியில் அலைகள் எல்லாம் தலைகீழாகவும் 'ஏவிஆர்' என்று குறித்த வரியில் நிமிர்ந்தும் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வலக்கை, இடக்கைக் கம்பிகள் இடம் மாறியதை. அனுப்பும் முன் செவிலியர் இதை மட்டும் பார்க்கப் பழகினாலே பல வீண் பதற்றங்கள் குறையும். நெஞ்சுவலியோடு வந்தவரின் ஈசிஜியை இந்த வழியில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அதற்குத் தொலைபேசியும் ஆம்புலன்ஸும்தான்.

கண்புரையும் சுருங்கிய பாவையும் விழித்திரைப் படத்தைக் கெடுக்கும். பாவையை விரிக்கும் சொட்டுமருந்து விடாமல் எடுக்கும் கேமராவானால் அறையை இருட்டாக்கி நோயாளியைச் சில நிமிடம் உட்கார வையுங்கள். ஒரு கண் எடுத்த ஃபிளாஷில் மற்றக் கண்ணின் பாவையும் சுருங்கும், அது விரியும் வரை பொறுத்து அடுத்ததை எடுங்கள். தெளிவில்லாத படத்தை 'நோய் இல்லை' என்ற கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. அந்த நோயாளி கண் மருத்துவரிடம் போகவேண்டியவர்.

பலர் கேட்பது: எல்லோர் கையிலும் இருக்கும் செய்திச் செயலியிலேயே இதைச் செய்தால் என்ன? வேகம் உண்டு, பழக்கமும் உண்டு. ஆனால் படம் சுருக்கப்பட்டுப் போகும், தனிப்பட்ட கைபேசியின் படத்தொகுப்பில் தங்கும், அங்கிருந்து தானாக மேகச் சேமிப்புக்கும் போய்விடும். நாளை அந்த மருத்துவர் கைபேசியை மாற்றினால் அறிவுரைக்குச் சான்றே இருக்காது. எல்லாவற்றையும்விட, 'பார்த்தாயிற்று' என்ற குறிக்கும் 'செய்தாயிற்று' என்பதற்கும் வேறுபாடு தெரியாது. திறந்தது, பதில் வந்தது, நோயாளிக்குச் சொன்னது, முடிந்தது என்று நிலைகளைக் காட்டும் ஒரு பட்டியல் வேண்டும். மென்பொருள் வாங்க வழியில்லை என்றால், பாதுகாக்கப்பட்ட மின்னஞ்சலோடு ஒரு பதிவேட்டில் இந்த நான்கு கட்டங்களை நிரப்பினாலும் சரிதான்.

காணொளி எப்போது தேவை?

நோயாளியை நகரச் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தால், முகத்தைப் பார்த்துக் கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால், மருத்துவரும் சிறப்பு மருத்துவரும் குடும்பமும் சேர்ந்து ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தால் காணொளிக்கு இணை இல்லை. பக்கவாதத்துக்குப் பின் நடைப்பயிற்சி, மூச்சிழுப்பானைப் பயன்படுத்தும் முறை, வலிதணிப்புப் பராமரிப்பு ஆகியவை இதற்குப் பொருந்தும். மருந்தளவு மாற்றவும் அறிக்கை படிக்கவும் காணொளி வீண்செலவு.

தெளிவான 720 பி காணொளிக்கு ஏற்றத்திலும் (அப்லோட்) இறக்கத்திலும் (டவுன்லோட்) விநாடிக்கு 1 முதல் 1.5 மெகாபிட் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். வேகச் சோதனையில் இறக்க வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், நிலையங்களைக் காலைவாருவது ஏற்ற வேகம். கூட்டம் அதிகமுள்ள காலை நேரத்தில் மூன்று நாள் அளந்து பாருங்கள். பேச்சில் ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது, 400ஐத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேல் போனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி இருவரும் நிறுத்துவார்கள். வேகம் குறைந்தால் முதலில் படத்தை அணைத்துக் குரலைக் காப்பாற்றுங்கள். குரல் மட்டும் என்றால் நூறு கிலோபிட்டுக்கும் குறைவாகவே போதும்.

பணம் இருந்தால் கேமராவுக்கு முன் மைக்குக்குச் செலவிடுங்கள். மேசை நடுவில் வைக்கும் எதிரொலி நீக்கும் ஒலிபெருக்கி மைக் ஒன்று, மடிக்கணினியின் மைக்கைவிட எவ்வளவோ மேல். காது மந்தமான முதியவருக்கு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

டிஜிட்டல் ஸ்டெதாஸ்கோப் வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, 'அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை' என்பது. கருவி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். இதய ஒலிகளும் முணுமுணுப்பும் ஏறக்குறைய 20 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையான தாழ்ந்த ஒலிகள். காணொளிச் செயலிகள் மனிதக் குரலைக் காப்பாற்றுவதற்காக மற்றவற்றை இரைச்சல் என்று அழித்துவிடும். சீராகத் துடிக்கும் இதயமும் அவற்றுக்கு இரைச்சல்தான். இரைச்சல் நீக்கத்தை அணைத்து மூல ஒலியை அனுப்பும் அமைப்பைத் தேடுங்கள். அல்லது 15 விநாடி ஒலிப்பதிவைக் கோப்பாக அனுப்புங்கள், அதுதான் நம்பகமான வழி. கேட்பவரும் ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கி அந்தத் தாழ்ந்த ஒலிகளை எழுப்பவே எழுப்பாது.

நோயாளி பக்கத்தில் செவிலியர் இல்லாத மூவர் காணொளி பாதிப் பரிசோதனைதான். வயிற்றை அழுத்துவது, காலில் வீக்கம் பார்ப்பது, கேமராவைத் திருப்புவது எல்லாம் அவர் கையில். அழைப்பு தொடங்குமுன் எடை, ரத்த அழுத்தம், நாடி, வெப்பம், ஆக்சிஜன் அளவு ஐந்தும் எடுத்துத் திரையில் தெரியட்டும். பல்ஸ் ஆக்சிமீட்டர் குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சிலும் தவறும். கருமையான தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் நிரூபணமானது. எண்ணும் மூச்சும் ஒத்துப்போகாவிட்டால் மூச்சை நம்புங்கள். அழைப்பு முடியும் முன், யார் மருந்து எழுதுவது, யார் பரிசோதனை கேட்பது, அடுத்த தேதி எது என்பவற்றைச் செவிலியர் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மருத்துவர்களும் மற்றவர் எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தொலைபேசியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைப் பட்டியலிலிருந்து நீக்குவது தவறு. அவசரத்தில் அதுவே முதல் வழி. மருந்துப் பெயரையும் அளவையும் கேட்டவர் திரும்பச் சொல்ல வேண்டும், எண்களைத் தனித்தனி இலக்கமாகச் சொல்ல வேண்டும் (ஆங்கிலத்தில் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி போலக் காதில் குழம்பும் சொற்கள் உண்டு). பேசி முடித்த கையோடு நோயாளிக் குறிப்பில் இரண்டு வரி எழுதிவிட வேண்டும்.

வீட்டிலிருந்து வரும் அளவுகள்

விற்பனையாளர்கள் அதிகம் வற்புறுத்துவது இதை. நிதானமாக யோசிக்க வேண்டியதும் இதுவே. இதய செயலிழப்பு நோயாளிகளிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2010இல் வெளியான அமெரிக்காவின் டெலி-எச்எஃப் ஆய்வில் 1,653 பேர். கண்காணிப்புக் குழுவினர் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசி அமைப்பில் எடையையும் அறிகுறிகளையும் சொல்ல வேண்டும். மீண்டும் மருத்துவமனை சேர்வதிலோ இறப்பிலோ வழக்கமான சிகிச்சையிலிருந்து வேறுபாடு இல்லை. கண்காணிப்புக் குழுவில் 14 சதவீதம் பேர் அந்த அமைப்பை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. 2018இல் வந்த ஜெர்மனியின் டிஐஎம்-எச்எஃப்2 ஆய்வில் இறப்பு குறைந்தது. அங்கே அளவுகள் போய்ச் சேர்ந்த இடத்தில் இரவும் பகலும் மருத்துவரும் செவிலியரும் இருந்தார்கள். இரண்டு ஆய்வுகளிலும் நோயாளிகளும் காலமும் கருவிகளும் வேறுதான். ஆனாலும், அளவுகளைச் சேகரிப்பது மட்டும் போதாது என்பதை முதல் ஆய்வு காட்டுகிறது.

ரத்த அழுத்தத்துக்கு நிலைமை நம்பிக்கையானது. பிரிட்டனில் 1,182 பேரிடம் நடந்து 2018இல் வெளியான டாஸ்மின்-எச்4 ஆய்வில், வீட்டு அளவுகளை வைத்து மருந்தை மாற்றியவர்களுக்கு 12 மாதத்தில் அழுத்தம் கூடுதலாகக் குறைந்தது. அளவைத் தாளில் எழுதி அனுப்பியவர்களுக்கும் கைபேசி வழியே அனுப்பியவர்களுக்கும் 12 மாதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே நிதி குறைவான நிலையம் மேற்கையில் கட்டும், சரிபார்க்கப்பட்ட ரத்த அழுத்தக் கருவியும் அளவு எழுத ஒரு அட்டையும் கொடுத்தே தொடங்கலாம்.

அளக்கும் முறைதான் முக்கியம். முதுகு சாய்த்து, கால் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை இதய மட்டத்தில் மேசை மேல் இருக்கட்டும். அரை மணிக்குள் காப்பியோ புகையோ கூடாது. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதி 24 அளவுகளின் சராசரியை எடுங்கள். நிலையத்தில் 140/90 என்பது வீட்டில் 135/85க்கு ஈடு. இதை மறந்து வீட்டுச் சராசரி 138ஐ 'கட்டுக்குள்' என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. பருத்த கையில் சிறிய பட்டை கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும், வேண்டாத மருந்து ஏறும். கருவி தரும்போதே கையின் சுற்றளவை அளந்து பட்டையைத் தேர்ந்தெடுங்கள்.

எச்சரிக்கை எல்லைகளைக் குறைவாகவே வையுங்கள். இதய செயலிழப்பில் 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் எடை கூடினால் அழைப்பு என்பது நடைமுறையில் நிற்கும் விதி. ஒவ்வொரு சிறு ஏற்றத்துக்கும் மணி அடிக்கும் அமைப்பில் இரண்டாவது வாரமே செவிலியர் மணியைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார், அது அவர் குற்றமும் இல்லை. அளவுகளை யாரும் பார்க்காத நேரம் எது என்பதை நோயாளியின் அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். அனுப்பிவிட்டோம், மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பி இரவெல்லாம் மூச்சுத்திணறலோடு காத்திருப்பதுதான் இந்த வழியின் மிகப் பெரிய ஆபத்து.

கூடிப் பேசுவதும் பட்டியல் பார்ப்பதும்

ஒரே வகைக் கேள்வி ஒரு நிலையத்திலிருந்து திரும்பத் திரும்பப் போனால் அங்கே தேவைப்படுவது பயிற்சி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் 2003இல் டாக்டர் சஞ்சீவ் அரோரா, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோய்க்காகத் தொடங்கிய புராஜெக்ட் எக்கோ இதற்கு வழிகாட்டி. ஒவ்வொரு வாரமும் ஆரம்ப நிலை மருத்துவர்கள் காணொளியில் கூடி, தங்கள் நோயாளிகளைப் பெயர் சொல்லாமல் முன்வைத்து, வல்லுநர் குழுவோடு பேசுவார்கள். சிகிச்சை கொடுப்பது அந்த ஆரம்ப நிலை மருத்துவர்களே. 2011இல் வெளியான ஆய்வில் 407 நோயாளிகள். பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 சதவீதம், எக்கோ நிலையங்களில் 58.2 சதவீதம் பேருக்கு வைரஸ் நீங்கியது. இதன் விலை நேரம். வாரம் ஒரு மணிநேரத்துக்கு மேல் மருத்துவர் நோயாளி பார்க்காமல் உட்கார வேண்டும், நிர்வாகம் அந்த நேரத்தைப் பணிநேரமாக ஏற்க வேண்டும். உணவு இடைவேளையில் வைத்த கூட்டங்களுக்கு மூன்றாம் மாதத்தில் ஆள் வராது. இன்று மதியத்துக்குள் பதில் வேண்டிய நோயாளிக்கும் இந்த வழி உதவாது.

மனச்சோர்வுக்குப் பட்டியல் முறை மிக நன்றாகப் பொருந்தும். பராமரிப்பு மேலாளர் ஒருவர், பெரும்பாலும் செவிலியர், எல்லா நோயாளிகளையும் ஒரே பட்டியலில் வைத்துத் தொலைபேசியில் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வி மனச்சோர்வுப் படிவத்தைக் கேட்டு மதிப்பெண் எழுதுகிறார். மனநல மருத்துவர் வாரம் ஒருமுறை தொலைவிலிருந்து அந்தப் பட்டியலைப் பார்த்து, முன்னேறாதவர்களைப் பற்றி மட்டும் அறிவுரை சொல்கிறார். 2002இல் வெளியான இம்பாக்ட் ஆய்வில் 18 ஆரம்ப சிகிச்சை மையங்களில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,801 பேர். 12 மாதத்தில் அறிகுறிகள் பாதியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் இந்த முறையில் 45 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 19 சதவீதம். மனநல மருத்துவரின் ஒரு மணிநேரம் இத்தனை பேருக்குப் பயன்படும் வேறு வழி எங்களுக்குத் தெரிந்து இல்லை. பிஎச்கியூவின் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. அதற்குப் பூஜ்யம் அல்லாத பதில் வந்தால் அழைப்பைத் துண்டிக்காமல் யாருக்கு இணைப்பது என்பது முதல் அழைப்புக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

எந்த வழியானாலும் குறிப்பு நோயாளியின் மூலப் பதிவேட்டுக்குள் வந்து சேர வேண்டும். தனி இணையதளம், தனிக் கடவுச்சொல் என்று இருந்தால் மருந்தாளுநருக்கு அது தெரியாது, களப்பணியாளருக்கும் தெரியாது. மென்பொருள் வாங்கும்போது, படங்களுக்கு டைகாம், பதிவுகளுக்கு எஃப்எச்ஐஆர் தரங்களை ஏற்குமா, ஒப்பந்தம் முடிந்தால் நம் தரவு முழுவதும் திரும்பக் கிடைக்குமா என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். நோயாளியின் ஒப்புதல் படிவத்தில், அவர் விவரத்தை யார் யார் பார்ப்பார்கள் என்பதும், மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது என்பதும் எளிய சொற்களில் இருக்கட்டும். தொலைமருத்துவம் நேரடிச் சேவைக்குத் துணையாக வர வேண்டும், அதை அகற்றக் கூடாது என்பதே 2019இல் வெளியான உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலின் நிலையும்.

ஆகவே எங்கள் வரிசை இப்படி. இணையம் நிலையற்ற, சிறப்பு மருத்துவர் வெகுதொலைவில் உள்ள நிலையம் எழுத்துக் கேள்வியோடும் அவசரத்துக்கு ஒரு தொலைபேசி எண்ணோடும் தொடங்கட்டும். மனச்சோர்வு நோயாளிகள் அதிகம் என்றால் இரண்டாவதாகப் பட்டியல் முறை, உயர் ரத்த அழுத்தக்காரர்கள் அதிகம் என்றால் வீட்டு அளவு. நல்ல இணையமும் நோயாளி பக்கத்தில் நிற்க ஒரு செவிலியரும் கிடைத்த பிறகு காணொளி. மூன்று மாதக் கேள்விகளைப் புரட்டிப் பார்த்து, ஒரே பொருள் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பொருளில் வாராந்திரக் கூட்டாய்வு.

முதல் மாதம் எழுத்துக் கேள்விகளை ஒரே துறைக்கு மட்டும் அனுப்புங்கள். வாரத்துக்கு ஐந்து போதும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதிவேட்டைத் திறந்து, பதில் வந்தும் நோயாளிக்கு இன்னும் சொல்லப்படாதவை எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண் பூஜ்யத்தில் நான்கு வாரம் நின்றபின் இரண்டாவது துறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.